கடலுக்கு நான், கப்பலுக்கு ஃப்ரெடி

நமோ புத்தாய

பாலகாட், கோலார் தங்க வயல்
11 ஜூன் 2023

என் அக்கா யசோதாவுக்கு உன் தம்பி தம்மபாலன் எழுதறது. இங்க நானு, என் பொண்டாட்டி சங்கமித்ரா, வாசல்ல படுத்துக்கினு கீற செவல நாயி அல்லாரும் சொகம். அங்க வைசாக்ல நீ, கதிரு, மருமவ, பசங்க அல்லாம் சொகமா? உன் காது எப்படி கீது? போன வாரம் கதிரு போன உன்னாண்ட குடுத்தான். நான் அக்கா அக்கான்னு தொண்ட கிழிய கத்தறேன், நீ "யாரு, கேஸ்காரனா?"ன்ற. அதோட வெச்சிட்டேன். நமக்கு கடுதாசி தான் சரி. நான் மூணாங்கிளாஸோட நின்னவன், கடை போர்டு எழுதி எழுதி கைக்கு வந்த எழுத்து இது. தப்பு இருந்தா நீயே திருத்திக்கோ.

கதிரோட பிரண்டு கையில ஒரு படம் குடுத்து அனுப்பிக்கிறேன். புது வூட்டு ஹால்ல மாட்டு. மாமா இன்னா வேல பண்றாருன்னு உன் மருமவ கேட்டாளாமே, அவளுக்கு சொல்லு. சரத்துன்னு ஒரு புள்ள, பெங்களூர் கம்பெனிய வுட்டுட்டு வந்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பின்னாடி மாடியில படம் வரையற சாப்பு வெச்சிக்கிறான். விக்டோரியா மகாராணி காலத்துல வெள்ளக்காரங்க வரைஞ்ச சண்டக் கப்பல் படம் கீது பாரு, அசலு அங்க மியூசியத்துல தொங்கும். அத வூட்ல மாட்ட ஆசப்படறவங்க சீமை பூரா கீறாங்க. பிரிண்டு ஆவாதாம், கையால வரைஞ்சது தான் வேணுமாம். சரத்து கம்ப்யூட்டர்ல ஆர்டர் புடிப்பான். நானும் நம்ம ஃப்ரெடியும் கட்டம் போட்டு கேன்வாஸ்ல எறக்குவோம். கடலுக்கு நான், கப்பலுக்கு ஃப்ரெடி. வானம் யாரு கை சும்மா கீதோ அவங்களுது. அந்த காலத்து கப்பலு ஒரு தினுசு. காத்துக்கு பாயும் கட்டிக்கீது, நடுவுல பொகக் கொழாயும் கீது. எத நம்பறதுன்னு அதுக்கே தெரியல போல.

கடல நான் எங்க பாத்தேன்னு கேப்ப. உங்க ஊருக்கு ஒரு தபா வந்தேன், அன்னிக்கும் மழ. மிச்சம் அல்லாம் நம்ம சைனைட் மேட்டுல கத்துக்கினது தான். மைன்லேர்ந்து கொட்டின மண்ண காத்தும் மழையும் கோடு கோடா அறுத்து வெச்சிக்கீதே, அது தான் என் அலை. சீமையில ஒருத்தனும் கண்டு புடிக்கல.

சரத்து எதோ சிக்கன பல்பு போட்டுக்கிறான், சாப்புல வெளிச்சமே இல்ல. பஸ்காரனும் படிய வேற எடத்துல வெச்சிட்டான், எறங்கும்போது முட்டி பேந்து போச்சி. மத்தபடி ஒரு கொறையும் இல்ல. படம் எப்படி கீதுன்னு எழுது.

உன் தம்பி
பாலன்

—

நமோ புத்தாய

விசாகப்பட்டினம்
2 ஜூலை 2023

தம்பி பாலனுக்கு அக்காவோட ஆசீர்வாதம். நாங்க அல்லாரும் நல்லா கீறோம். காது அதே மாதிரி தான். மருமவ திட்டறது கேக்கல, அந்த மட்டும் லாபம்.

படம் உடையாம வந்துச்சி. நல்லா கீது தம்பி. ரொம்ப நல்லா கீது. ஹால்ல மாட்டிட்டோம். கதிரு பாத்துட்டு பொக கூட நெசமா கீதுன்னான்.

ஒண்ணு கேக்கறேன். அது எந்த நேரத்து கடலு? பொழுது சாயற நேரமா? எங்க மாடியில நின்னா கடல் தெரியும். காலையில நல்ல நீலமா கெடக்கும், மத்தியானம் வெள்ளி மாதிரி பளபளக்கும், அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

நீ எத்தன மணி வரைக்கும் வேல செய்யற? கண்ணாடி மாத்தி வருசம் ஆவுதே. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. சங்கமித்ராவ கேட்டதா சொல்லு.

அக்கா
யசோதா

—

நமோ புத்தாய

பாலகாட்
6 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு, சொகம், சொகம் அறிய ஆவல். அது பொழுது சாயற நேரம் இல்ல, பட்டப் பகலு. உனக்கும் வயசாவுது போல. பரவால்ல, நல்லா கீதுன்னு சொன்னியே, அது போதும்.

இப்ப நான் எழுதறது கோவத்துல. ஃப்ரெடியோட பேச்ச நிறுத்திட்டேன்.

வியாழக்கெழம சாப்புக்கு போறேன். என் கடலு முடிஞ்சி ஒரு வாரம் ஆவுது, காஞ்சி கல்லாட்டம் இருக்கணும். கை வெச்சா பிசுக்குனு ஒட்டுது. மேல எவனோ பெயின்டு அடிச்சிக்கிறான். திரும்பி பாக்கறேன், ஃப்ரெடி ஸ்டூல்ல குந்திக்கினு கப்பலுக்கு கயிறு இழுத்துக்கினு கீறான்.

"டேய், என் கடல்ல எவன்டா கை வெச்சது?"

"பூனை மேன்."

"பூனைக்கு பிரஷ் புடிக்க வருமா?"

"உன்ன விட நல்லா வரும்."

கைய புடிச்சி பாத்தேன். நகத்துக்குள்ள அல்லாம் கறுப்பு கறுப்பா பெயின்டு. கப்பல் கறுப்புடான்றான். கப்பல் பெயின்டு கடல்ல எப்படிடா வந்துச்சின்னேன். வாய தொறந்தா மூடாதவன், தலைய குனிஞ்சிக்கினான்.

அவன் நைனாவ உனக்கு ஞாபகம் கீதா? ஷாப்ட்டுல வைண்டிங் டிரைவர். நம்ம நைனா மைனுக்குள்ள எறங்க கேஜ்ல ஏறி நின்னா, மேல இஞ்சின புடிச்சிக்கினு கயிற வுடறது அவரு. கறுப்பு கோட்டு, வாயில சுருட்டு. கிறிஸ்மஸ்க்கு நமக்கு கேக்கு வரும், ஒரு தபா அதுல எறும்பு இருந்துச்சி, எறும்பு தின்னா நீச்சல் வரும்னு நீ என்ன தின்ன வெச்ச. அத வுடு. நான் சொல்ல வந்தது, நம்ம நைனா உசுரு தெனம் ரெண்டு தபா அவரு கையில. ஆனா நைனா ஒரு நாளாவது இஞ்சின் ரூமுக்குள்ள போய் லிவர தொட்டாரா? அவரு எறங்கி வந்து பாறைய ஒடச்சாரா? அவங்கவங்க வேல அவங்கவங்களுக்கு. பத்து வருசமா ஒரே கேன்வாஸ்ல ரெண்டு பேரு வேல செய்யறோம், அவன் கப்பல்ல ஒரு புள்ளி நான் வெச்சதில்ல.

போதும், இனிமே அவன் மூஞ்சில முழிக்கல.

பாலன்

—

விசாகப்பட்டினம்
20 ஆகஸ்ட் 2023

தம்பி ஃப்ரெடிக்கு பாலனோட அக்கா யசோதா எழுதறது. நீ, ஐடா, பசங்க நல்லா கீறீங்களா? திடீர்னு இவ ஏன் எழுதறான்னு நெனப்ப.

பாலன் ஒரு படம் அனுப்பனான். கப்பல் உன் கை, பாத்ததும் தெரிஞ்சிது. ஆனா கடலு டீ கலரா கீது தம்பி. பால் கம்மியா போட்ட டீ. கதிரு அத பிரிச்சி பாத்துட்டு என் மூஞ்ச பாத்தான். பட்டப் பகல் கடல்னு பாலன் எழுதறான். உன் நகத்துல கறுப்பு பெயின்டு இருந்துச்சின்னும் எழுதறான். நெசமா சொல்லு, அது கறுப்பா?

நான் அவனாண்ட நல்லா கீதுன்னு தான் எழுதிக்கிறேன். ஹால்ல மாட்டிட்டேன்னும் எழுதிட்டேன். மாட்டல, கட்டிலுக்கு அடியில துணி சுத்தி வெச்சிக்கிறேன். கண்ண போய் காட்டுடான்னு நேரா சொன்னா அவன் கடுதாசி போடறத நிறுத்திடுவான். எங்கம்மாவுக்கு எதோ ஒரு கேம்ப்ல கண்ணு ஆபரேசன் பண்ணாங்களே, சீழு புடிச்சி கண்ணே போச்சே, கட்டு அவுத்த அன்னிக்கு அம்மா கைய புடிச்சிக்கினு நின்னவன் அவன். அதுக்கப்பறம் கண் டாக்டர்ன்ற பேரு எடுத்தா எழுந்து போயிடுவான்.

நான் எழுதினது அவனுக்கு தெரிய வேணாம்.

யசோதா

—

கர்த்தர் துணை

ராபர்ட்சன்பேட்டை
5 செப்டம்பர் 2023

அன்பான அக்காவுக்கு ஃப்ரெடி எழுதறேன். ஐடாவுக்கு சுகர், மத்தபடி தேவ கிருபையால சொகம்.

கறுப்பு இல்ல அக்கா. நீலம். நல்ல பளிச்சினு கீற நீலம்.

ஒரு வருசமா நடக்குது. பெயின்டு டியூப்பு மேல கீற எழுத்து அவனுக்கு தெரியல, நீலம்னு நெனச்சி காவிய எடுக்கறான். கேட்டா "இது வேற நீலம் மேன், உனக்கு தெரியாது"ன்றான். சரத்து அத பாத்தா கடல வேற ஆளுக்கு குடுத்துடுவான். அதனால அவன் வூட்டுக்கு போன அப்பறம் நான் குந்திக்கினு மேல அடிப்பேன். எனக்கு கடல் வராது அக்கா. இரும்பு வரும், மரம் வரும், கயிறு வரும். தண்ணி நிக்க மாட்டேங்குது. ஐடா வந்து பாத்துட்டு, ஏன் இப்படி கோலம் போட்டு வெச்சிக்கிறன்னா. பாலன் போட்டத மறைக்க வேற என்ன பண்றதுன்னேன்.

உங்களுக்கு அனுப்பின படத்த எனக்கு காட்டாம எடுத்துட்டு போயிட்டான். அதான் தப்பிச்சிது.

நான் சொன்னா சாப்ப வுட்டே போயிடுவான். உங்க தம்பி. நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்றது.

ஃப்ரெடி

—

நமோ புத்தாய

பாலகாட்
12 நவம்பர் 2023

அக்காவுக்கு, நீ ஜூலைல எழுதினது, அப்பறம் உங்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. நான் கோவமா எழுதினதுல உனக்கும் கோவமா? இல்ல ஒடம்பு சரியில்லயா? கதிர கேட்டா "அம்மா நல்லா கீறாங்க மாமா"ன்னு பட்டுனு போன வெச்சிட்றான். மருமவளோட எதாவது சண்டையா? எழுது.

இங்க நெலம இன்னான்னா, நானும் ஃப்ரெடியும் பேசாமயே ஒரு பெரிய படம் முடிச்சோம். உப்பு குடுன்னு கேக்க முடியாத வூட்ல சாப்புட்ற மாதிரி. எனக்கு கோவம் அடங்கல. கடைசி நாளு அவன் போன அப்பறம் தண்ணிய ஒரு வெரக்கடை மேல ஏத்திட்டேன். கப்பல் வவுத்துல கீழ் வரிச பீரங்கி ஓட்டைங்க அல்லாம் தண்ணிக்குள்ள போச்சி. அவன் அத வாரக்கணக்கா குந்திக்கினு போட்டவன். என் கடலு, நான் எங்க வேணா ஏத்துவேன்.

படம் சீமைக்கு போச்சி. வாங்கினவரு கப்பல் படையில இருந்து ரிட்டயர் ஆனவராம். திருப்பி அனுப்பிட்டாரு. "இந்த கப்பல் மூழ்கிக்கினு கீது, இதுல கீறவங்கள மொதல்ல காப்பாத்துங்க"ன்னு எழுதிக்கிறாராம். சரத்து அத தமிழ்ல சொல்லும்போது எனக்கு சிரிப்பு வந்துச்சி, ஃப்ரெடிக்கும் வந்துச்சி. ரெண்டு பேரும் வேற வேற பக்கம் திரும்பி சிரிச்சோம்.

சரத்து சிரிக்கல. "ரெண்டு பேரும் எனக்கு மாமா மாதிரி. ஆனா இப்படி போனா நான் சாப்ப மூடணும்"ன்னான். நான் சொன்னேன், எனக்கு தனியா ஒரு படம் குடு. கப்பலும் நானே, கடலும் நானே. அது போய் சேந்தா நான் தனி, அவன் தனி. திரும்பி வந்தா நான் வூட்ல குந்திக்கிறேன். சரத்து தரைய பாத்துக்கினே சரின்னான்.

வூட்லயே வெச்சி வரையறேன். வெளிச்சத்துக்கு படம் வெக்கற ஸ்டாண்டோட வாசல்ல எறங்கிட்டேன், நாயிக்கு எடம் இல்ல. சங்கமித்ரா டியூப் எடுத்து குடுக்கறா. எதுக்குன்னா ஒக்காந்த எடத்துலேர்ந்து எழுந்துக்கறது முட்டிக்கு ஆவல.

கப்பலு இவ்வளவு கஷ்டம்னு எனக்கு தெரியாது அக்கா. ஒரு கயிறு ஒரு எடத்துலேர்ந்து கெளம்பி எங்க போய் முடியுதுன்னே தெரியல.

பாலன்

—

விசாகப்பட்டினம்
3 டிசம்பர் 2023

தம்பிக்கு, கோவம் அல்லாம் இல்ல. மழ, பசங்களுக்கு பரீச்ச, எனக்கும் கொஞ்சம் ஆஸ்பத்திரி வேல இருந்துச்சி. பயப்படாத, பெருசா ஒண்ணும் இல்ல, முடிஞ்சி போச்சி. அப்பறம் சொல்றேன்.

தனியா வரையறேன்னு எழுதிக்கிற. வரை. ஆனா அவசரப்படாத. சங்கமித்ரா எடுத்து குடுக்கற டியூப்ப அவள படிச்சி சொல்லச் சொல்லு, உனக்கு எழுந்துக்க முட்டி ஆவல இல்ல, அதுக்கு தான்.

நேத்து கடற்கரைக்கு போனேன். கரைகிட்ட பச்ச, கொஞ்சம் தள்ளி நீலம், அதுக்கும் அந்தாண்ட கத்திரிப்பூ கலரு. இவ்ளோ நாளா இங்கயே கீறேன், இத்தன கலரு கீதுன்னு இப்ப தான் பாத்தேன்.

சங்கராந்திக்கு வாயேன். ரெண்டு பேரும் வாங்க. ஃப்ரெடிக்கு நான் விசாரிச்சதா... சரி, வேணாம், நீ தான் பேசறதில்லயே.

அக்கா

—

பாலகாட்
21 ஜனவரி 2024

அக்கா,

படம் முடிச்சி குடுத்துட்டேன். சரத்து பாத்தான். "ஓகே மாமா, பேக் பண்றேன்"ன்னான். அவ்ளோ தான். எப்பவும் மூக்கு ஒட்டற மாதிரி குனிஞ்சி பாத்து நூறு கொற சொல்றவன்.

மறுநாளு ஃப்ரெடி எங்க வூட்டுக்கு வந்தான். ஆறு மாசம் கழிச்சி. ஐடா பண்ண ரோஸ் குக்கிஸ் ஒரு டப்பாவுல. வந்து குந்தினான். காலு மேல காலு போட்டான், எறக்கினான். அப்பறம் சொல்றான்:

"படம் பாத்தேன் மேன். கடலு நல்லா கீது."

நான் டப்பாவ தொறந்தேன்.

"கப்பல் கூட பரவால்ல. ஆனா கடலு... ரொம்ப நல்லா கீது மேன்."

டப்பாவ அப்படியே மூடிட்டேன் அக்கா. பத்து வருசம். என் கடல பாத்து அவன் கழனித் தண்ணின்னுவான், சாக்கட பொங்கிக்கீதுன்னுவான், துணி தொவச்ச தண்ணிய ஏன்டா கேன்வாஸ்ல ஊத்தினன்னுவான். சீமையிலேர்ந்து பாராட்டி எழுதினா கூட அவனுக்கு கண்ணு தெரியாதுன்னுவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லா கீதுன்னு சொன்னதில்ல. சாவக் கெடக்கறவனாண்ட பேசற மாதிரி பேசறான்.

அவன் போன அப்பறம் உன் பழைய கடுதாசிய எடுத்து சங்கமித்ராவ படிக்கச் சொன்னேன். ஆமா, அவள தான். நான் படிக்கல. நல்லா கீது தம்பி, ரொம்ப நல்லா கீதுன்னு நீயும் எழுதிக்கிற. ரெண்டு தபா. நீ எப்ப என்ன பாராட்டின? என் கல்யாணத்துக்கு வந்து மால கோணலா கீதுன்னு சொன்னவ நீ.

டியூப்பு அல்லாத்தையும் வாசல்ல வரிசையா வெச்சேன். இதுல எது நீலம்னு சங்கமித்ராவ கேக்காம நானே எடுத்துப் பாத்தேன். ஒண்ண எடுத்தேன். அவ அழுதுட்டா.

என் கடல் இன்னா கலரு அக்கா? சுத்தி வளைக்காத.

பாலன்

—

விசாகப்பட்டினம்
27 ஜனவரி 2024

பாலா,

டீ கலரு. நான் மாட்டினதா சொன்ன எடத்துல அது இல்ல. கட்டிலுக்கு அடியில கீது.

உன் கண்ணுல பொற கட்டிக்கீது. அவ்ளோ தான். அம்மாவுக்கு ஆனது தான் உன் மண்டையில நிக்குது, எனக்கு தெரியும். எனக்கும் அது தான் நின்னுச்சி. அதனால நான் முன்னாடி போய் பாத்துட்டு வந்துட்டேன்.

எனக்கும் பொற இருந்துச்சி. இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. தாங்க வேணாம், இப்பவே பண்ணுங்கன்னேன். ஏம்மா அவசரம்னாரு. என் தம்பிக்கு காட்டணும்னேன். அவருக்கு புரியல. செப்டம்பர்ல ஒரு கண்ணு, நவம்பர்ல ஒரு கண்ணு. அதான் உனக்கு கடுதாசி வரல. ஒண்ணு கெட்டு போயிருந்தா உங்கிட்ட சொல்லியே இருக்க மாட்டேன்.

நடந்து போனேன், நடந்து வந்தேன். வலி இல்ல. கட்டு பிரிச்ச ஒடனே பாத்தது மருமவளோட சமயல்கட்டு செவுரு. அவ்ளோ அழுக்கு. கண்ணாடியில ஒரு கெழவி நின்னுக்கினு இருந்தா, யாருடி இவன்னு கேட்டேன். மத்தபடி ஒரு கெடுதலும் இல்ல.

ஃப்ரெடிய கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு போ. அவன் ஒரு வருசமா உன் கடல்ல நீலம் அடிச்சிக்கினு இருந்தவன். நகத்துல இருந்தது கறுப்பு இல்ல.

அக்கா

—

கர்த்தர் துணை / நமோ புத்தாய

ராபர்ட்சன்பேட்டை
10 மார்ச் 2024

அன்பான அக்காவுக்கு தம்மபாலன் சொல்லச் சொல்ல ஃப்ரெடி எழுதறேன். அவன் கொஞ்ச நாளைக்கு குனியவோ எழுதவோ கூடாதாம். நான் சொகம், அவன் சொகம், வலது கண்ணு சொகம்.

முந்தாநேத்து கோலார்ல ஆபரேசன் ஆச்சி. உள்ள போறதுக்கு முன்னாடி நான் பயப்படல. (பொய். என் சட்டைய புடிச்சிக்கினு வுடல. பட்டன் பிஞ்சிது. — ஃப்ரெடி) அக்கா, இவன் நான் சொல்லாதத எதோ எழுதறான், பேனா சத்தம் நீளமா வருது. டேய், இன்னாடா எழுதின? (ஒண்ணும் இல்ல மேன், கமா போட்டேன்.)

சரி எழுது. மூணாவது படுக்கையில ஒரு பேத்தமங்கலத்து விவசாயி. அவரு எருமைய பத்தி பேச ஆரம்பிச்சாரு, நான் அவர நம்ம ஏரியில தண்ணி எவ்ளோ கீதுன்னு கேட்டேன், அவரு மகளுக்கு மாப்பிள்ள பாத்த கதைக்கு போனாரு. (அக்கா, இது ரெண்டு பக்கம் போவும். நான் வுட்டுட்றேன்.)

கட்டு பிரிச்சாங்க. மொதல்ல பாத்தது நர்ஸம்மாவோட துணி. அப்படி ஒரு நீலத்த நான் மறந்தே போயிருந்தேன் அக்கா. அத பாத்துக்கினே இருந்தேன், அந்தம்மா ஒரு மாதிரி பாத்துட்டு நவுந்து போச்சி. அப்பறம் ஃப்ரெடி. இவ்ளோ நரைச்சிட்டான். (இவனுக்கு தலையில முடியே இல்ல, நரைக்கறதுக்கு.)

நீ முன்னாடி போய் பாத்துட்டு வந்தத பத்தி நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வரல. இவன் எதிர்ல அல்லாம் சொல்ல முடியாது.

(அவன் அழுவறான் அக்கா. கண்ணுக்கு ஆவாதுன்னு சொல்லிட்டேன், நிறுத்திட்டான்.)

இப்படிக்கு
ரெண்டு பேரும்

—

நமோ புத்தாய

பாலகாட்
14 ஏப்ரல் 2024

என் அக்காவுக்கு உன் தம்பி தன் கையால எழுதறது. சொகம். இன்னிக்கு பாபாசாகேப் பொறந்த நாளு, தெரு பூரா நீலக் கொடி. காலையிலேர்ந்து வாசல்ல குந்திக்கினு பாத்துக்கினே இருந்தேன். சங்கமித்ரா, ஊர்வலத்துக்கு போறியா இல்ல கொடியவே முழுங்க போறியான்னா.

நேத்து சாப்புக்கு போனேன். அத சொல்லத் தான் எழுதறேன்.

பஸ் படி சரியான எடத்துல தான் கீது. பல்பும் நல்ல பல்பு தான். நான் தனியா வரைஞ்ச படம் செவுத்த பாத்து சாத்தி வெச்சிக்கீது, சரத்து அனுப்பவே இல்ல. திருப்பி பாத்தேன். அத பத்தி நீ கேக்காத.

பக்கத்துல அந்த மூழ்கின கப்பல், திரும்பி வந்துச்சே, அது. இடது கண்ணு இன்னும் பண்ணல இல்ல, அது அதே பழைய கண்ணு. வலது கண்ண மூடிக்கினு பாத்தேன். என் கடலு. ஒரு கொற சொல்ல முடியாது. அப்பறம் இடது கண்ண மூடிக்கினு பாத்தேன். அய்ய! அக்கா, அது கடலா? தகரக் கூரைக்கு நீலம் அடிச்சி வெச்சாப்ல கீது. அலை ஒவ்வொண்ணும் இட்லித் தட்டு குழி மாதிரி வரிசையா. கடைசியா நான் ஏத்தின வெரக்கடைக்கும் மேல நீலம் அடிச்சிட்டு தான் அனுப்பிக்கிறான், ஓரமா பாத்தா அடியில என் டீத் தண்ணி தெரியுது, அதுக்கு மேல அவன் அடிச்ச எடம், காஞ்ச அப்பறம் திரும்ப வந்து அடிச்ச எடம், தப்பாப் போய் வழிச்சிட்டு மறுபடி அடிச்ச எடம். அவனுக்கு அந்த வேல வராது. வராதுன்னு அவனுக்கும் தெரியும். தெரிஞ்சி ஒவ்வொரு சாயங்காலமும் குந்திக்கினு இருந்துக்கிறான்.

பின்னாடி வந்து நின்னான். நல்லா கீதுடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. சொல்லியிருந்தா என்ன இழுத்துக்கினு நேரா கண் டாக்டராண்ட ஓடியிருப்பான். அதனால நல்லா திட்டினேன். உன் நைனா கேஜ இப்படி ஓட்டியிருந்தா எங்க நைனா பாதாளத்துக்கு போயிருப்பாருன்னேன். அவன் மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்.

சரத்து தனியா கூப்ட்டு சொன்னான். நான் ஆஸ்பத்திரியில கீறப்ப மாலூர்லேர்ந்து ஒரு ஆள கடலுக்கு கூட்டியாந்தானாம். நல்ல கையாம். ஃப்ரெடி பிரஷ்ஷ கீழ வெச்சிட்டானாம். "கப்பல் போட்டு வெக்கறேன். தண்ணிக்கு ஆளு வரட்டும், அது வரைக்கும் நிக்கட்டும்"ன்னானாம். மாலூர்காரரு டீ குடிச்சிட்டு போயிட்டாராம்.

உள் ரூம்ப தொறந்து காட்டினான். வரிசையா கேன்வாசு. அல்லாத்துலயும் கப்பல். பாய் விரிச்சிக்கீது, பொக போவுது, கொடி பறக்குது, பீரங்கி ஓட்டைங்க ரெண்டு வரிசயும் எண்ணி எண்ணி வெச்சிக்கிறான். அடியில ஒண்ணியும் இல்ல. வெறும் வெள்ளத் துணி.

நான் வாசப்படியில நின்னுக்கினே இருந்தேன். ஃப்ரெடி பின்னாடியேர்ந்து முனிசிபாலிட்டிக்காரனாண்ட கேக்கற மாதிரி கேக்கறான், "இன்னா மேன், தண்ணி எப்ப வுடுவ?"

இடது கண்ணுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லிக்கிறாங்க. போவேன், பயப்படாத. கட்டிலுக்கு அடியில கீறத கதிராண்ட குடுத்தனுப்பு. வரிசையில கடைசியா அதையும் வெச்சிக்கறேன்.

மருமவளுக்கு, பசங்களுக்கு என் அன்ப சொல்லு. இதுக்கு மேல எழுத நேரம் இல்ல அக்கா. கப்பலுங்க அல்லாம் தரையில நிக்குது.

உன் தம்பி
பாலன்